சுற்றுச்சுவர் இருக்கும்போது குளத்துக்குத் தனி வேலி எதற்கு?

முழு ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்து இறங்குவதற்கு முன் வீட்டு நீச்சல் குளத்தையும் தோட்டத்துக் கிணற்றையும் பத்திரப்படுத்த நினைக்கும் வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

அழகர்கோவில் சாலையில் இரண்டு ஏக்கர் தோப்புக்கு நடுவே வீடு கட்டி, 30-க்கு 15 அடியில் நீச்சல் குளமும் கட்டியிருக்கிறோம். தோப்பைச் சுற்றி 7 அடி காம்பவுண்டு, பூட்டிய கேட், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. அப்படியும் குளத்துக்குத் தனியாக வேலி போட வேண்டும் என்கிறார் என்ஜினீயர். அழகே கெட்டுவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
— வாசகி, மதுரை

என்ஜினீயர் சொல்வதுதான் சரி. காம்பவுண்டு சுவர் தெருப் பிள்ளைகளைத் தடுக்கும். உங்கள் பேரன் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறான். வீட்டுக் குளத்தில் தவறி விழும் சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வீட்டுப் பிள்ளைகள், அல்லது அங்கே விருந்துக்கு வந்தவர்கள். அடுக்களையில் ஒருவர், போனில் ஒருவர், 'அவன் உங்கிட்ட இருக்கான்னு நினைச்சேன்' என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்ளும் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. தண்ணீரில் விழுந்த குழந்தை கத்தாது, கையைத் தூக்கி ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து போகும் நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது; கூப்பிட எங்கே நேரம்? அந்தச் சில நிமிடங்களைத் தாங்கிக் கொடுப்பதுதான் வேலியின் வேலை.

ஆகவே வேலி குளத்தை நான்கு பக்கமும் தனியாகச் சுற்ற வேண்டும். வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாக வைத்துக்கொண்டு மூன்று பக்கம் மட்டும் வேலி போடுவது செலவைக் குறைக்கும். ஆனால் ஹாலிலிருந்து குளத்துக்குத் திறக்கும் கதவு ஒன்று இருந்தாலே அந்த வேலிக்குப் பாதிப் பயன்தான். வேறு வழியே இல்லை என்றால் அந்தக் கதவு தானாக மூடித் தானாகத் தாழ் விழுவதாக இருக்கட்டும். தாழ்ப்பாள் பெரியவர் தோள் உயரத்தில் இருக்கட்டும். குளத்துப் பக்கம் உள்ள ஜன்னல்களுக்குக் கம்பி போடுங்கள்.

உயரக் கணக்கு: அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வீட்டுக் குளங்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச உயரம் 48 அங்குலம், அதாவது 4 அடி. ஆஸ்திரேலியத் தர நிர்ணயம் 1,200 மில்லிமீட்டர் கேட்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அளப்பது குளத்துக்கு வெளிப்பக்கத் தரையிலிருந்து. பிள்ளை நிற்கப்போவது அங்கேதான். நான்கு அடி என்பது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தடுக்கும் அளவு. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளும் வந்து போகும் வீடென்றால் 5 அடி போடுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் வராது.

இதைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது வேலிக்கு வெளியே. ஆஸ்திரேலிய விதியில் வேலியை ஒட்டி 900 மில்லிமீட்டர், சுமாராக 3 அடி, ஏறுவதற்குக் கால் வைக்க எதுவும் இல்லாத இடமாக விட்டுவைக்க வேண்டும். பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசியின் வெளிப்பெட்டி, மோட்டார் மேடை, கிளை தாழ்ந்த கொய்யா மரம் எதுவும் அந்த மூன்றடிக்குள் கூடாது. நாற்காலியைப் பிள்ளையே இழுத்து வந்து போட்டுக்கொள்ளும் என்பதால், இலேசான நாற்காலிகள் அந்தப் பக்கம் இல்லாமல் இருப்பதே மேல்.

அழகு கெடும் என்ற கவலைக்கு வழி உண்டு. 12 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடித் தடுப்பு போடலாம். கால் வைக்க இடமில்லை, உள்ளே நடப்பது தெரியும். விலை அதிகம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் தெறித்து வெள்ளைப் புள்ளி படிந்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல் சுவர் மட்டும் எழுப்பிவிடாதீர்கள், மறைப்பு இருந்தால் உள்ளே போன பிள்ளை கண்ணில் படாது. கடைசியாக ஒன்று. அழகர்மலைக் குரங்குகளுக்கு இந்த அளவுகள் எதுவும் பொருட்டில்லை. அவற்றை மனதில் வைத்து வேலியைத் திட்டமிடாதீர்கள்.

எங்கள் வெல்டர் நல்ல வேலைக்காரர். ஆனால் 'அடையாளமா ரெண்டு பைப்பு, நடுவுல டிசைன் போட்டுடலாம்ணே' என்கிறார். அவரிடம் என்ன அளவு எழுதிக் கொடுக்க வேண்டும்? என் குளமும் 30-க்கு 15 அடிதான். எவ்வளவு இரும்பு பிடிக்கும்?
— வாசகர், வாடிப்பட்டி

அந்த 'நடுவுல டிசைன்' தான் ஆபத்து. பூ, வளையம், குறுக்குப் பட்டை எதுவானாலும் பிள்ளைக்கு அது ஏணிப் படி. குறுக்கே அடியில் ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம், இரண்டே இரண்டு போதும். அடிச்சட்டத்தின் மேல்முனைக்கும் மேல்சட்டத்தின் மேல்முனைக்கும் இடையே 45 அங்குலமாவது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலம் வரை இடைவெளி விடலாம். சட்டங்கள் அதைவிட நெருக்கமாக வந்தால் அவற்றைக் குளத்துப் பக்கமாக வைத்து, கம்பி இடைவெளியை ஒன்றேமுக்கால் அங்குலமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது கம்பிச் செலவு இரண்டு மடங்காகும்.

நான்கு அங்குலம் என்பது சின்னக் குழந்தையின் உடம்பும் தலையும் நுழையாத அளவு. ஆனால் வெல்டிங் சூட்டில் கம்பி இழுத்துக்கொள்ளும், நாளடைவில் வளையும். அதனால் 100 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுக்காமல் 90-க்குள் என்று எழுதுங்கள். பட்டறையில் 100 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு மரத்துண்டையோ பைப் துண்டையோ வெட்டி வைத்துக்கொண்டு, எந்த இடைவெளியிலும் அது நுழையவில்லை என்று பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

உங்கள் குளத்தைச் சுற்றி 4 அடி நடைபாதை விட்டால் வேலி 38-க்கு 23 அடி. சுற்றளவு 122 அடி. நீளப் பக்கத்தை ஏழு பாகமாகவும் அகலப் பக்கத்தை நான்கு பாகமாகவும் பிரித்தால் மொத்தம் 22 பாகம், கேட்டுக்குக் கூடுதலாக ஒன்று சேர்த்து 23 ஊன்றுகால். கால் 50-க்கு 50 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப், கம்பி 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி என்று வைத்துக்கொண்டால் நீளப் பக்கத்துப் பாகம் ஒவ்வொன்றுக்கும் 15 கம்பி, அகலப் பக்கத்துப் பாகத்துக்கு 16 கம்பி. இரண்டிலும் இடைவெளி 89 மில்லிமீட்டர் வரும். மொத்தம் சுமார் 340 கம்பி. வேலி உயரம் 1,500 மில்லிமீட்டர், அடியில் 75 மில்லிமீட்டர் சந்து, சட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் கம்பி ஒவ்வொன்றும் 1,375 மில்லிமீட்டர் நீளம். நெடுக்குக் கம்பி மட்டுமே ஏறக்குறைய 530 கிலோ ஆகும். கால், சட்டம், கேட் தனி. கொட்டேஷனில் மொத்தத் தொகையை மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கணக்கை நீட்டிக் கேளுங்கள்; 10 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு 12 மில்லிமீட்டருக்குப் பில் போடுவது நடக்காத காரியமல்ல.

அடியில் உள்ள சந்து கான்கிரீட் தரையானால் 4 அங்குலத்துக்கு மேல் கூடாது. மண், புல், ஜல்லி என்றால் 2 அங்குலம்தான். ஐப்பசி அடைமழையில் வேலிக்கு அடியில் மண் அரித்துப்போனால் இரண்டு அங்குலம் ஆறு அங்குலமாகிவிடும். வேலிக்கு நேர்கீழே 6 அங்குல அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குளோரின் ஆவி படும் இடத்தில் வெறும் ரெட் ஆக்சைடு அடித்த இரும்பு நிற்காது. வெல்டிங் முடிந்த பிறகு முழுப் பாகத்தையும் சூடான துத்தநாகத்தில் தோய்க்கச் சொல்லுங்கள். தோய்த்த பிறகு வெல்டிங் வைத்தால் வைத்த இடத்தில் முதலில் துரு ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 304 ரகத்தில் குளத்தோரம் பழுப்புப் புள்ளி விழும்; 316 தாங்கும், விலை கூடும்.

எங்கள் ஊர் கரிசல் பூமி. போட்ட வேலியில் கேட் தானாக மூடும் ஸ்பிரிங் கீல் வைத்ததுதான். முதலில் நன்றாக மூடியது. இப்போது தாழ்ப்பாளின் நாக்கு ஓட்டைக்குள் விழாமல் அரை அங்குலம் கீழே நிற்கிறது. வீட்டில் எல்லோரும் கயிறு போட்டுக் கட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், திருமங்கலம்

முதல் வேலை கயிற்றை அறுப்பது. கட்டி வைத்த கேட் இருக்கும் வேலியும் வேலியில்லாத குளமும் ஒன்றுதான். சொல்லப்போனால் வேலி இருக்கிறதே என்ற தைரியம் வேறு சேர்ந்துகொள்கிறது.

கோளாறு கீலில் இருக்காது. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். இரண்டு கேட் காலும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதில்லை, குளத்தோரக் கால் ஈரத்தில் நிற்கிறது, மற்றது காய்ந்த மண்ணில் நிற்கிறது. ஒன்று சாய்ந்தால் நாக்கு தவறும். ஒன்றரை அடிக் குழியில் கால் நட்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

சரிசெய்ய வேண்டுமென்றால் கேட் கால்கள் இரண்டையும் எடுத்து மறுபடி நட வேண்டும். கோடையில் உங்கள் மண்ணில் வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே போக வேண்டும். மூன்று அடிக்குக் குறைய வேண்டாம். குழி ஒன்றரை அடிச் சதுரம். கரிசலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அடியிலும் பக்கத்திலும் கிராவல் நிரப்பி இறுக்குங்கள், எடுத்த கரிசலையே திருப்பிப் போட்டுவிடாதீர்கள். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். கேட் கால் 75-க்கு 75 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு காலின் அடியையும் தரை மட்டத்துக்குக் கீழே 9-க்கு 9 அங்குல பீம் ஒன்றால் இணையுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு 10 மில்லிமீட்டர் கம்பி போதும். அப்புறம் கால்கள் அசைந்தாலும் சேர்ந்தே அசையும், நாக்கும் ஓட்டையும் விலகாது.

3 அடி அகல, 5 அடி உயரக் கம்பிக் கேட் ஏறக்குறைய 25 கிலோ வரும். கீல் வாங்கும்போது அது எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தைத் திருகிக் கூட்டக்கூடிய கீலாக இருந்தால் வருடம் போனதும் தொய்வைச் சரிசெய்துகொள்ளலாம். கடைக் கதவுக்குப் போடும் ஹைட்ராலிக் குளோசர் வெயிலிலும் மழையிலும் எண்ணெய் கசிந்து செத்துவிடும். வெளிக் கேட்டுக்கு அது வேண்டாம்.

கேட் எப்போதும் குளத்துக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்துத் திறக்க வேண்டும். தாழ் சரியாக விழாமல் நின்றிருந்தாலும் வெளியிலிருந்து பிள்ளை தள்ளும் தள்ளில் அது மூடிக்கொள்ளும். உள்ளே பார்த்துத் திறந்தால் அதே தள்ளு பிள்ளையைக் குளத்துக்குக் கொண்டுபோய்விடும். தாழ்ப்பாளை விடுவிக்கும் கைப்பிடி, கேட்டின் அடியிலிருந்து 54 அங்குல உயரத்திலாவது இருக்கட்டும். ஆஸ்திரேலியர் 1,500 மில்லிமீட்டர் என்கிறார்கள். 54 அங்குலத்துக்குக் கீழே வைக்க நேர்ந்தால் குளத்துப் பக்கத்தில், கேட்டின் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலமாவது கீழே வைத்து, சுற்றி 18 அங்குலத்துக்கு அரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஓட்டை இல்லாமல் தகடு அடைக்க வேண்டும். கை விட்டுத் திறந்துவிடாமல் இருக்கத்தான்.

சோதிப்பது இப்படி. கேட்டை முழுக்கத் திறந்து விடுங்கள். மூடித் தாழ் விழ வேண்டும். பாதி திறந்து விடுங்கள். பிறகு ஒரு கை அகலம் மட்டும் திறந்து, தள்ளாமல், மெதுவாகக் கையை எடுங்கள். இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான கேட்டுகள் தோற்கின்றன, ஸ்பிரிங்குக்கு வேகம் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. காற்று எதிர்த்து வீசும் ஆடி மாதத்திலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வேலிக்குப் பதில் குளத்தை மூடி வைத்தால் போதாதா? தார்ப்பாய் இருக்கிறது. அலாரமும் விற்கிறார்களாமே?
— வாசகி, நத்தம் சாலை

தார்ப்பாயோ, குமிழி குமிழியாக இருக்கும் நீல ஷீட்டோ விரித்த குளம் திறந்த குளத்தைவிட மோசம். பிள்ளை அதைத் தரை என்று நினைத்துக் கால் வைக்கும். பாய் உள்வாங்கிப் பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. மழைத் தண்ணீர் பாயின்மேல் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் நின்றாலே கைக்குழந்தைக்கு அது போதும். பாதுகாப்பு மூடி என்று தனியாக ஒரு வகை உண்டு. ஓரம் முழுக்கக் கொக்கியில் இறுக்கி மாட்டுவது. அமெரிக்கச் சோதனை முறையில் அது இரண்டு பெரியவர், ஒரு குழந்தை எடைக்குச் சமமான 485 பவுண்டு, அதாவது 220 கிலோவைத் தாங்க வேண்டும். உங்களுக்கு விற்கிறவரிடம் அந்தச் சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

பிரான்சில் 2003 ஜனவரி 3-ஆம் தேதிச் சட்டப்படி தரைக்குள் கட்டிய தனியார் குளத்துக்கு வேலி, மூடி, மேற்கூடாரம், அலாரம் நான்கில் ஒன்று கட்டாயம். எங்கள் கருத்தில் அலாரத்தை அந்த வரிசையில் வைத்திருக்கக்கூடாது. தண்ணீர் அலாரம் பிள்ளை விழுந்த பிறகுதான் கத்தும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்திருந்தால் அதுவும் இல்லை. வேலியோடு கூடுதலாக, வீட்டுக் கதவில் 85 டெசிபல் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு மாட்டும் காற்றுப் பட்டையும் இடுப்பு டியூபும் விளையாட்டுச் சாமான், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குளத்து அடியில் உள்ள வடிகால் ஓட்டையில் என் மகளின் முடி இழுபட்டுவிட்டது. உடனே மோட்டாரை நிறுத்தியதால் தப்பித்தோம். இது எதனால்?
— வாசகர், சமயநல்லூர்

மோட்டார் ஒரே வடிகால் வழியாகத் தண்ணீரை இழுக்கும்போது, அந்த ஓட்டையை உடம்போ முடியோ அடைத்தால் இழுப்பு முழுவதும் அந்த இடத்தில் விழும். பெரியவர் பிடித்து இழுத்தாலும் பிரிக்க முடியாத அளவுக்குப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் 2002-இல் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி இப்படித்தான் ஒரு வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் சிக்கி இறந்தாள். 2007-இல் வந்த வடிகால் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள்.

தீர்வு கடினமில்லை. ஒரே மோட்டாருக்குப் போகும் வடிகால் இரண்டாக, குறைந்தது 3 அடி தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றது வழியாகத் தண்ணீர் வரும், இழுப்பு குறையும். தட்டை மூடிக்குப் பதில் குவிந்த மூடி. பிளாஸ்டிக் மூடி குளோரினிலும் வெயிலிலும் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். விரிசல் கண்டாலோ ஒரு திருகு கழன்றிருந்தாலோ மாற்றும் வரை யாரும் இறங்கக்கூடாது. மோட்டார் ஸ்விட்ச் மோட்டார் ரூமுக்குள் மட்டும் இருந்தால் போதாது. குளத்தோரத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படும் இடத்தில், சிவப்பாக ஒரு நிறுத்து ஸ்விட்ச் வையுங்கள்.

எலெக்ட்ரீஷியன் வரும்போது இதையும் பார்த்துவிடட்டும்: தண்ணீருக்குள் உள்ள விளக்கு 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், அதன் டிரான்ஸ்பார்மர் தள்ளி வறண்ட இடத்தில் இருக்க வேண்டும். குளத்து லைனுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 3.5 மீட்டருக்குள் பிளக் பாயிண்ட் வேண்டாம். இரும்பு ஏணி, குளத்தின் உள்கம்பி, புதிதாகப் போட்ட இரும்பு வேலி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணைக்கச் சொல்லுங்கள். வேலி போட்ட பிறகு இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு நீச்சல் குளம் எல்லாம் இல்லை. தோட்டத்தில் கமலைக் காலத்துக் கிணறு, கைப்பிடிச் சுவரே கிடையாது. மேலூர்க் கல்கால் ஊன்றி முள்கம்பி நாலு வரிசை கட்டியிருக்கிறேன். போதுமா? பக்கத்தில் தண்ணீர் வராத போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றும் இருக்கிறது.
— வாசகர், உசிலம்பட்டி

முள்கம்பி மாட்டுக்குப் போதும். பிள்ளைக்குப் போதாது, நாலு வரிசைக்கு நடுவே குனிந்து நுழையும், ஆடு நுழைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும். கல்காலை அப்படியே வைத்துக்கொண்டு அதில் செயின்லிங்க் வலை கட்டுங்கள். கண் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்படக்கூடாது, பெரிய கண்ணில் கால்விரல் நுழைந்து ஏறிவிடுவார்கள். அடியில் வலையை மண்ணுக்குள் அரை அடி புதையுங்கள். பழைய கிணற்று விளிம்பு மழைக்குச் சரியும், எனவே வேலி விளிம்பை விட்டு 3 அடியாவது பின்னால் நிற்கட்டும். வாய்ப்பிருந்தால் கல் கட்டு மேல் 4 அடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மோட்டார் தூக்கும் பக்கம் மட்டும் பூட்டுள்ள கதவு விடுங்கள். சுவரை ஒட்டித் தொட்டியும் துணி துவைக்கும் கல்லும் போட வேண்டாம், ஏறுபடி ஆகிவிடும். பெரிய பிள்ளைகள் கோடையில் கிணற்றில் குதிக்காமல் இருக்கப்போவதில்லை. அதற்காக முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும், காற்றடித்த லாரி டியூப் ஒன்றும் எப்போதும் கிணற்றடியில் கட்டிக் கிடக்கட்டும்.

போர் அவசரம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது கைவிட்ட போரில்தான். உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிமுறை சொல்லிவிட்டது. பயன்படாத போரை அடியிலிருந்து தரை மட்டம் வரை களிமண், மணல், கல், துளை போடும்போது வெளிவந்த மண் போட்டு நிரப்ப வேண்டும். வாயில் சாக்கைச் செருகி மேலே கல்லை வைப்பது மூடியதாகாது. பயன்பாட்டில் உள்ள போரானால் கேசிங் பைப்பைச் சுற்றி அரை மீட்டர்ச் சதுரத்தில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் கான்கிரீட் மேடை கட்டி, பைப் வாயில் இரும்பு மூடியை வெல்டிங் வைக்கவோ போல்ட் போடவோ வேண்டும்.

தண்ணீரில் விழுந்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினால் குடித்த தண்ணீர் வெளியே வரும் என்கிறார் என் மாமியார். சரியா?
— வாசகி, செல்லூர்

கூடாது. வயிற்றை அமுக்குவதும் கூடாது. வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழலில் ஏறி இன்னும் அடைக்கும். குழந்தைக்கு வேண்டியது காற்று, சுற்றும் ஒவ்வொரு நொடியும் மூளைக்குக் காற்று இல்லாத நொடி.

கரையில் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுப் பாருங்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சில்லை என்றால் வேறொருவரை 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வேலையைத் தொடங்குங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். போன் கையில் இல்லையென்றால் ஒரு நிமிடம் முதலுதவி செய்துவிட்டுப் பிறகு போனுக்கு ஓடுங்கள். நெற்றியைச் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலும் ஒரு நொடி, நெஞ்சு மேலே எழ வேண்டும். எழவில்லை என்றால் தலையின் சாய்வைச் சரிசெய்யுங்கள். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள்.

அடுத்து நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியை 30 முறை அமுக்கி, 2 முறை ஊதி, மறுபடி 30. நெஞ்சு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், குழந்தைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சின்னக் குழந்தைக்கு ஒரு கை, கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரல். வாந்தி வந்தால் முழு உடம்பையும் ஒருக்களித்து, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மூச்சு திரும்பும் வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

எழுந்து அழுதுவிட்டான், இனிப் பயமில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையோ அருகில் உள்ள வேறு பெரிய மருத்துவமனையோ, அன்றைக்கே காட்டி, மருத்துவர் சொல்லும் நேரம் வரை அங்கேயே இருங்கள். மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

மொட்டை மாடியில் காற்றடைத்த ரப்பர் குளம் வைக்கலாமா? இரண்டடி ஆழம்தான்.
— வாசகர், அனுப்பானடி

இரண்டடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான், நான்கில் ஒரு பங்கு. ஆகவே மாடி வேண்டாம். முற்றத்தில், அரை அடித் தண்ணீரோடு, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பிள்ளைகள் எழுந்ததும் தண்ணீரை வாழைக்கு விட்டுவிட்டுக் குளத்தைக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீரோ கொசுப்புழுவோ அதில் நிற்கும்.